வெளுத்துப்போன வானங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் நீர்வண்ண ஓவியக் கலை செழித்திருந்தது. சிறு வண்ணப் பெட்டி, தூரிகை, தாள், சிறிது தண்ணீர் இருந்தால் போதும். மலைச்சாரலில் அமர்ந்து, மேகம் கலையுமுன் அதன் நிறத்தைப் பதித்துவிடலாம். டர்னர் (1775–1851) முதலியோர் மூடுபனியையும் அந்தி வானத்தையும் ஆய்வாளருக்குரிய கூர்மையுடன் நோக்கித் தீட்டினர்.

ஆனால், அவர்கள் தேடித் தேடித் தீட்டிய ஒளியே அவர்களுடைய படங்களுக்குப் பகையாயிற்று. நீர்வண்ணத்தில் நிறமி மிக மெல்லிய படலமாகவே தாளில் தங்குகிறது; எண்ணெயின் காப்பு அதற்கு இல்லை. சாம்பல் நிற மேகங்களுக்காக ஓவியர்கள் அவுரி நீலத்தையும் செங்காவியையும் கலப்பதுண்டு. நாளடைவில் நீலம் வெளுத்தது, காவி நிலைத்தது. மழைமேகம் செவ்வானமாயிற்று!

அருங்காட்சியகத்தில் தொங்கும் படங்களை வெளிச்சம் அழிக்கிறதா? 1886இல் லண்டன் பத்திரிகைகளில் இதுபற்றிக் கடும் விவாதம் எழுந்தது. அரசின் சார்பில் இதனை ஆராயும் பொறுப்பு ரசல், ஆப்னி என்னும் இரு விஞ்ஞானிகளிடம் வந்தது. வண்ணம் பூசிய தாள் துண்டுகளைக் கண்ணாடிக் குழாய்களில் இட்டு, ஒரு பகுதியை மறைத்து, மறு பகுதியை வெயிலில் காட்டினர். சில குழாய்களில் ஈரக் காற்று, சிலவற்றில் உலர்ந்த காற்று, சிலவற்றில் வெற்றிடம்.

1888இல் அறிக்கை வெளிவந்தது. கார்மைன் போன்ற சிவப்புச் சாயங்கள் விரைவில் மங்கின. காவி மண் நிறமிகள் அசையவில்லை. வெற்றிடத்தில் பெரும்பாலான வண்ணங்கள் நிலைத்தன. ஆகவே காற்றும் ஈரமும் ஒளிக்குத் துணைநிற்கின்றன. நீல, ஊதாக் கதிர்களே மிகுந்த கேடு செய்தன; சிவப்புக் கதிர்கள் செய்தது சொற்பமே.

இது ஏன்? விடைக்கான வழி 1905இல் ஐன்ஸ்டைனின் கருத்தில் கிடைத்தது. ஒளி ஆற்றல் சிறு பொட்டலங்களாக வருகிறது. 700 நானோமீட்டர் சிவப்பொளியின் பொட்டலம் ஒன்றில் சுமார் 1.8 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. 450 நானோமீட்டர் நீல ஒளியில் சுமார் 2.8. சாய மூலக்கூறில் வேதிமாற்றத்தைத் தூண்ட நீலப் பொட்டலத்துக்கே வலிமை அதிகம்.

ஹென்றி வான் என்பவர் சேர்த்துவைத்த டர்னரின் 38 நீர்வண்ண ஓவியங்கள், அவருடைய உயிலின்படி 1900இல் எடின்பரோவின் தேசிய ஓவியக்கூடத்தை அடைந்தன. ஜனவரியில் மட்டுமே அவற்றைக் காட்டவேண்டும் என்பது நிபந்தனை. அங்கே பகலொளி மிகக் குன்றியிருக்கும் மாதங்களுள் ஒன்று அது.

பழைய ஓவியம் ஒன்றின் வானத்தை அக்கால வானிலைக்குச் சான்றாகக் கொள்ள விரும்புவோர், ஓவியர் எதைக் கண்டார் என்று கேட்டால் மட்டும் போதாது. அவர் எந்த நிறமியால் தீட்டினார், அது எத்தனை வெயிலைக் கண்டது என்றும் கேட்டாக வேண்டும்.