காயலான் கடையிலிருந்து ஒரு புல்லட் ஹெட்

பழைய புல்லட் பைக்கில் சிலிண்டர் இரும்பு. அதன்மேல் உட்காரும் ஹெட் அலுமினியம். மதராஸ் மோட்டார்ஸ் 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோடு கைகோத்தது. அதன்பின் திருவொற்றியூர் ஆலையிலிருந்து புறப்பட்ட வண்டிகளின் ஹெட்டுகள் பல பத்தாண்டு உழைத்து, பிளக் மரை தேய்ந்தோ ஃபின் உடைந்தோ காயலான் கடைத் தராசில் ஏறுகின்றன.

அடுத்த பிறவி அங்கேயே பாதி முடிவாகிவிடுகிறது. வால்வு சீட், முறிந்த ஸ்டட் எல்லாவற்றையும் தட்டி எடுக்க வேண்டும். தவறிப்போய் உலைக்குள் விழுந்த இரும்பு உருகிய அலுமினியத்தில் மெல்லக் கரையும். கரைந்ததைப் பிரிக்க மலிவான வழி கிடையாது. ஆறும்போது அது கலவையிலுள்ள சிலிக்கனோடு சேர்ந்து ஊசி ஊசியாக உறைகிறது, விரிசல் அந்த ஊசிகள் வழியே ஓடுகிறது. சுத்தியலோடு உட்கார்ந்திருப்பவர் செய்வது உலோகவியல் வேலை. கூலியில் அது தெரிவதில்லை.

700 டிகிரியைத் தாண்டிய உலையில் பழைய படிகமணிகள் மொத்தமும் அழிந்துபோகும். அப்படியே அச்சில் ஊற்றினால் சில படிகங்கள் மட்டும் பெருத்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வார்ப்பை வெட்டி, தேய்த்து, அமிலத்தில் நனைத்தால் அவை தேமல் போலக் கண்ணுக்கே தெரியும்.

அதைத் தடுக்கத்தான் ஊற்றுவதற்குச் சற்று முன் ஒரு கம்பியைப் போடுகிறார்கள்: அலுமினியத்தில் 5 சதவீதம் டைட்டானியம், 1 சதவீதம் போரான். டன்னுக்கு ஓரிரு கிலோ. கம்பி கரைந்ததும் டைட்டானியம் போரைடுத் துகள்கள் எங்கும் பரவும். நூற்றில் ஒன்று விதையானாலே ஏராளமான சிறு படிகங்கள் பிறக்கும். துகள் உருகிய அலுமினியத்தைவிடக் கனம். ஊற்றத் தாமதித்தால் அடியில் படிந்துவிடும், மறுபடி கிளற வேண்டும். சிலிக்கன் மிகுந்த கலவையில் போரான் கூடிய கம்பிதான் நன்றாக எடுபடும்.

படிகமணி சிறுத்தால் வலிமை கூடும் என்பதை ஆய்வாளர்கள் ஹால் 1951-லும் பெட்ச் 1953-லும் இரும்பில் காட்டினார்கள். வார்ப்பு அலுமினியத்தில் அந்த லாபம் அளவானது. நான் பெரிதாக நினைப்பது வேறு. ஹெட்டில் மெல்லிய ஃபின்கள் முதலில் உறையும், எக்ஸாஸ்ட் துளையைச் சுற்றிய தடித்த பகுதி கடைசியில் உறைந்து சுருங்கும். படிகங்கள் சிறிதாக இருந்தால் அவற்றின் இடுக்கில் புகுந்து திரவம் கடைசிவரை அந்தச் சுருக்கத்தை நிரப்பும். சூட்டிலேயே கிழிவதும் குறையும்.

இரும்பு கலந்த உலோகம் மறுபடி ஹெட்டாவது அரிது. அது டை-காஸ்டிங்குக்குப் போய் ஏதாவதொரு மூடியாகும். உலோகம் அச்சில் ஒட்டாமலிருக்க அங்கே கொஞ்சம் இரும்பு உதவவும் செய்கிறது.