பல் நீங்கிய தாடை: ஒரு வரலாற்று நோக்கு

பல் முழுவதும் இழந்த மூதாட்டியின் மோவாய் மூக்கை நோக்கி மேலெழுந்து, கன்னங்கள் குழிந்து தோன்றுதலை யாவரும் கண்டுள்ளோம். முதுமையின் இயல்பென அதனைக் கொள்வதே உலக வழக்கு. ஆயின், அக்கருத்து முழு உண்மையன்று என உணர்த்திய ஆராய்ச்சி இருநூற்றைம்பது ஆண்டுப் பழமையுடையது.

1771ஆம் ஆண்டிலே இலண்டனில் மனிதப் பற்களைப் பற்றித் தாம் எழுதிய நூலை வெளியிட்ட ஜோன் ஹன்ரர் என்னும் அறுவை மருத்துவர், பற்களைத் தாங்கும் என்பு விளிம்பைத் தாடைக்கு உரியதெனக் கூறுவதினும் பற்களுக்கு உரியதெனக் கூறுவதே பொருந்தும் எனக் கண்டார். பல்லோடு தோன்றிப் பல்லோடு மறைவது அது. இன்றைய அறிவும் இதற்கு இயைவதே. மெல்லுங்கால் பல்வழியே பெறும் தூண்டுதல் அற்றவிடத்து, அவ்வென்பை உடல் பேணுவதில்லை. பல் பிடுங்கிய ஓராண்டினுள் அவ்விடத்து என்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகின்றது. அவ்விழப்பின் பெரும்பகுதியும் முதல் 3 மாதங்களிலேயே நிகழ்கின்றது.

மகளிர்க்கு இதனோடு பிறிதொன்றும் சேர்கின்றது. 1940ஆம் ஆண்டளவில் பொஸ்ரன் நகரிலே புல்லர் அல்பிறைற் என்பார், மாதவிடாய் நின்றபின் ஈஸ்திரசன் குறைதலால் என்பு நலிவடைதலை எடுத்துக் காட்டினார். எனினும், தாடைத் தேய்வுக்கு அதுவே முழுக் காரணமெனத் துணிதல் தகாது. பல் இழந்து கழிந்த காலமும், பொய்ப்பற்களின் அழுத்தமும் உடன் கருதத்தக்கன. 25 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கி 1972இல் அந்தியே தல்கிறென் வெளியிட்ட ஆய்வு, இத்தேய்வு நெடுங்காலம் ஓயாது நிகழ்வதென்றும், கீழ்த்தாடை மேற்றாடையினும் ஏறத்தாழ 4 மடங்கு தேய்வதென்றும் காட்டிற்று. கீழ்ப் பொய்ப்பற்கள் நிலைகொள்ளாது அசைகின்றன என மூதாட்டிமார் கூறுவது வீண் முறையீடன்று என்பது இதனாற் பெறப்படும்.

பரிகாரமும் பின்னர்த் தோன்றிற்று. தைற்றேனியம் என்போடு ஒன்றிப் பிணைதலைக் கண்ட சுவீடன் நாட்டுப் பிறேனிமார்க், 1965இல் அவ்வுலோகத்தாலான செயற்கைப் பல்வேர்களை ஒருவரது தாடையிற் பொருத்தினார். ஆயின், 2003ஆம் ஆண்டு முதல் ஓர் எச்சரிக்கையும் எழுந்தது. பிஸ்பொஸ்போனேற்று மருந்துகளைப் பெற்றோர் சிலரிடத்துப் பல் பிடுங்கியபின் தாடை என்பு ஆறாது இறந்துபடுதல் அறியப்பட்டது. புற்றுநோய்க்காக ஊசிவழி பெற்றோரிடத்தே இது பெரிதும் காணப்பட்டது. என்பு நலிவுக்காக மாத்திரை உண்போரிடத்து மிக அரிது. ஆதலின், அம்மருந்தைத் தாமாக நிறுத்தாது, பல் பிடுங்குமுன் பல் வைத்தியருக்கு அதனை அறிவித்தல் மகளிரின் கடனாகும்.

வலிக்கும் பல்லைக் களைந்தால் காரியம் முடிந்தது என்பது பழைய எண்ணம். காக்கத்தக்க பல்லைக் காத்தலே தாடையைக் காத்தலாம் என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை.