செப்புத் தகட்டில் இல்லாத பெயர்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரைப் பற்றிச் சுற்றுலா நூல்கள் தரும் சித்திரம் ஏறத்தாழ ஒன்றே. வானவில் வரிசை எனப்படும் வண்ண வீடுகள், குதிரை வண்டிச் சவாரி, தேவாலயக் கோபுரங்கள், 1861 ஏப்ரல் 12 அன்று உள்நாட்டுப் போர் தொடங்கிய சம்ட்டர் கோட்டை. பழைமை வாய்ந்த ஒரு நகரப் பகுதி முழுவதையும் சட்டத்தால் பாதுகாத்த முதல் அமெரிக்க நகரம் இது. அந்தச் சட்டம் 1931இல் வந்தது. செங்கல்லையும் சுண்ணத்தையும் இவ்வளவு அக்கறையோடு காத்த நகரம், அவற்றைச் சுமந்த மனிதர்களை எந்தச் சொற்களால் நினைவு வைத்திருந்தது?

இக்கேள்விக்கு நகரின் அருங்காட்சியகத்திலுள்ள சில செப்புத் தகடுகளிலிருந்து தொடங்கலாம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவுடையவை. அடிமையை வேறொருவரிடம் கூலி வேலைக்கு அனுப்பும் உரிமையாளர் ஆண்டுதோறும் நகராட்சிக்குக் கட்டணம் செலுத்தி இத்தகட்டைப் பெற வேண்டும்; வேலை செய்பவர் அதை உடலில் அணிந்திருக்க வேண்டும். தகட்டில் நான்கு செய்திகள் உண்டு: நகரின் பெயர், ஆண்டு, தொழில், எண். மனிதரின் பெயர் இல்லை. தொழில் என்னுமிடத்தில் சுமைதூக்கி, மீனவர், கைவினைஞர் என்றெல்லாம் வரும். பலவற்றில் ‘பணியாளர்’ என்றிருக்கும். அடிமை என்ற சொல்லைத் தவிர்த்து, ஊதியம் பெறுபவரைக் குறிக்கும் சொல்லை நகராட்சியே பொறித்துக் கொடுத்தது. (ஊதியம் இருந்தது, உரிமையாளருக்கு.) பிற்கால மாளிகை வழிகாட்டிகள் பல்லாண்டுகள் ‘பணியாளர் குடியிருப்பு’ என்று சொல்லி வந்தது, அந்தத் தகட்டு மொழியின் நீட்சிதான். இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. எய்க்கன்-ரெட் மாளிகையில் சமையற்கட்டுக்கு மேலுள்ள அறைகளை அடிமைகள் வாழ்ந்த இடமாகவே காட்டுகிறார்கள்.

மொழிபெயர்ப்புச் சிக்கல் ஒன்றையும் சொல்ல வேண்டும். நகருக்கு வெளியேயுள்ள ‘பிளான்டேஷன்’களைத் தமிழில் எப்படிக் குறிப்பது? ‘பண்ணை’ பொருந்தவில்லை. ‘தோட்டம்’ என்றால் பூந்தோட்டம் நினைவுக்கு வரலாம். ஆனால் இலங்கை மலையகத்தையும் அதன் லயங்களையும் அறிந்தவருக்கு அச்சொல்லின் மறுபக்கம் தெரியும். அங்கே ஒப்பந்தக் கூலிமுறை, இங்கே அடிமைமுறை, இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் ஆங்கிலச் சொல்லில் மணமக்கள் நிழற்படம் எடுத்துக்கொள்ளும் அழகு ஒட்டிக்கொண்டிருப்பதைவிட, நம் ‘தோட்டம்’ உண்மைக்குச் சற்று நெருக்கமானது.

இனி மொழிக்கு வருவோம். இக்கரையோரத்தின் செல்வம் நெல்லில் பிறந்தது. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோரில் பலர் செனகாம்பியா, சியரா லியோன் போன்ற நெல் விளையும் பகுதியினர். சதுப்பு நிலத்தில் கொசுவுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி உரிமையாளர்கள் கோடையில் வெளியேறிவிடுவர். கறுப்பின மக்களே பெரும்பான்மையாக இருந்த அத்தீவுகளில் ஆங்கிலச் சொற்களும் பல மேற்கு, நடு ஆப்பிரிக்க மொழிகளின் கூறுகளும் கலந்து ஒரு கிரியோல் மொழி உருவாயிற்று. அதன் பெயர் குல்லா. (தலையில் அணியும் குல்லாவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அறிஞர் பலர் இதைச் சிதைந்த ஆங்கிலம் என்றே கருதினர், சோம்பல் நாக்கின் விளைவு என்று எழுதியவரும் உண்டு.

அக்கருத்தை உடைத்தவர் லொரென்சோ டவ் டர்னர் என்ற ஆப்பிரிக்க அமெரிக்க மொழியியலாளர். 1930களில் தீவுதோறும் சென்று ஒலிப்பதிவு செய்தார்; மேற்கு ஆப்பிரிக்க மொழிகளைக் கற்றார்; 1949இல் நூலை வெளியிட்டார். அவர் காட்டும் சான்று ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. குல்லாவில் பருத்தவரை ‘டஃபா’ என்பர். ஏதோ ஆங்கிலத் தொடரின் திரிபு என்று முன்னோர் அதற்கு விளக்கம் புனைந்திருந்தனர். லைபீரியா, சியரா லியோன் பகுதியின் வை மொழியில் ‘டா’ என்பது வாய், ‘ஃபா’ என்பது நிறைதல். அகராதியைத் திறந்து பார்க்க மனமின்மையும் ஒருவகைச் சோம்பல்தானே.

டர்னர் திரட்டியவற்றுள் மிகப் பெரும்பகுதி ஆட்பெயர்களே, ஆயிரக்கணக்கில் பட்டியலிட்டிருக்கிறார். குல்லா மக்களுக்கு இரு பெயர்கள். ஒன்று பதிவேட்டிலும் வெள்ளையர் முன்னிலையிலும் வழங்கும் ஆங்கிலப் பெயர். மற்றது வீட்டாரும் உறவினரும் அழைக்கும் ‘கூடைப் பெயர்’. பிறந்த கிழமையால் பெயரிடும் அக்கான் மரபு தென் கரோலினாவின் பழைய ஆவணங்களிலேயே தென்படுகிறது: திங்களன்று பிறந்தவன் கஜோ, வெள்ளியன்று பிறந்தவன் கஃபி. அந்நியர் கேட்டால் ஆங்கிலப் பெயரையே சொல்வார்கள். முந்தைய ஆய்வாளர்களுக்குக் கூடைப் பெயர்கள் கிட்டாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம். தகட்டில் பெயரைப் பொறிக்காத நகரத்திடம் அவர்கள் தம் பெயரைச் சொல்லவும் இல்லை.

இன்று சந்தையில் பயணிகள் வாங்கிச் செல்லும் எள் பிஸ்கட்டின் பெயர் ‘பென்னே’. எள்ளைக் குறிக்கும் மேற்கு ஆப்பிரிக்கச் சொல் அது. அங்கேயே பெண்கள் புல்லால் சுருள்சுருளாகத் தைத்து விற்கும் கூடைகள், நெல் புடைக்கும் தட்டுகளின் வழிவந்தவை. வாங்குவோரில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ.

வட அமெரிக்காவில் வேறெந்தத் துறைமுகத்தைவிடவும் அதிக அடிமைகள் இறங்கியது சார்ல்ஸ்டனில்தான். அவர்களில் பல்லாயிரவர் கரையேறிய காட்ஸ்டன் துறையில் 2023 ஜூனில் பன்னாட்டு ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அந்த நிலத்தின்மீது அமராமல் 18 தூண்களின்மேல் உயர்ந்து நிற்கும் கட்டடம் அது. உள்ளே குடும்ப வரலாற்று ஆய்வு மையம் ஒன்று உண்டு. மூதாதையரைத் தேடி வருவோர் பெரும்பாலும் 1870 கணக்கெடுப்பு வரை எளிதில் சென்றுவிடுகிறார்கள். அதற்கு முந்தைய 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே வரிசையாக இருக்கும்.