டிவி கேம் பாட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு

1990-களில் மதுரையில் கோடை விடுமுறை என்றால் பல வீடுகளில் ஒரே சத்தம்தான். டவுன்ஹால் ரோட்டில் வாங்கி வந்த டிவி கேம் பெட்டி, அதில் செருகும் கேசட், முன்னால் சம்மணம் போட்ட நாலைந்து பிள்ளைகள். கரண்ட் போனால்தான் வீடு அமைதியாகும். அந்தப் பிள்ளைகளுக்கு இன்று நாற்பது வயது. கல்யாண மண்டபத்தில் யாருடைய செல்போனிலாவது அந்த ‘மரியோ’ மெட்டு ஒலித்தால் சட்டென்று திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நம் வயதுக்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பெட்டிகளில் பல, ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல்கள். ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ 1985-ல் வந்தது. இசையமைத்தவர் கோஜி கோண்டோ. அப்போது அவருக்கு இருபத்து நாலு வயது.

அவர் கையில் இருந்தது வாத்தியக் கோஷ்டி அல்ல, ஒரு சில்லு. அதில் மொத்தம் ஐந்து குரல்கள். இரண்டு மெட்டுக்கு, ஒன்று கீழ் சுருதிக்கு, ஒன்று தாளத்துக்கான இரைச்சலுக்கு, மற்றொன்று பதிவு செய்த சிறு ஒலிகளுக்கு. படம், பாட்டு, ஆட்டம் எல்லாம் சேர்ந்து முழு விளையாட்டுமே 40 கிலோபைட்தான். இன்று பேரன் அனுப்பும் ஒரு புகைப்படம் இதைப் போலப் பல மடங்கு. ஆகவே சின்ன மெட்டு ஒன்றே திரும்பத் திரும்ப வரவேண்டும், கேட்பவருக்கும் சலிக்கக் கூடாது. ஓடுவதற்கும் தாவுவதற்கும் பொருந்தும்படி கோண்டோ அதை அமைத்தார். ஆட்டத்தில் நேரம் 100-க்குக் கீழே போனால் அதே மெட்டு வேகம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு நெஞ்சு படபடக்கும்.

“இதெல்லாம் ஒரு பாட்டா?” என்று பெரியவர்கள் கேட்டார்கள். நம்மையும் ஒரு காலத்தில் இப்படித்தான் கேட்டார்கள். 1952-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு தரக்குறைவானது என்று கருதினார். அகில இந்திய வானொலியில் அது குறைந்து, பிறகு நின்றே போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரேடியோ முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். 1957-ல் அரசாங்கமே விவித் பாரதியைத் தொடங்கி, சினிமாப் பாட்டைத் திரும்ப அழைத்துக்கொண்டது. அன்று தரமில்லை என்று ஒதுக்கப்பட்ட பாட்டுகளைத்தான் இன்று நாம் ‘பழைய பாட்டு போல வருமா’ என்கிறோம்.

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், காக்கவேண்டிய ஒலிப்பதிவுகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 2023-ல் மரியோ மெட்டு அதில் சேர்ந்தது. வீடியோ கேம் இசை அதில் இடம் பெற்றது அதுவே முதல் முறை. அதே பட்டியலில் எதூவார் லெயோன் ஸ்கொத் என்ற பிரெஞ்சுக்காரரின் பதிவுகளும் உண்டு. அவற்றில் ஒன்று, 1860-ல் புகை படிந்த காகிதத்தில் கோடுகளாக விழுந்த ‘ஓ க்ளேர் த லா லூன்’ என்ற பாட்டின் சிறு துண்டு. எடிசனின் ஃபோனோகிராஃபுக்குப் பதினேழு வருஷம் முந்தியது. 2008-ல்தான் அந்தக் கோடுகளிலிருந்து ஒலியை மீட்டார்கள். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அது வகுப்பில் கைதட்டிப் பாடிய பாட்டு. அதுவும் குழந்தைப் பாட்டுதான். அதற்காக யாரும் அதை ஒதுக்கவில்லை.

ஒரு தலைமுறை எதைக் கேட்டு வளர்ந்ததோ அதுதான் அதன் பாட்டு. தரம் பார்த்து மனசுக்குள் நுழைவதில்லை. நம் வீட்டுப் பரணில் அந்தப் பழைய கேசட்டுகள் இன்னும் கிடக்கலாம். பழைய சாமான்காரரிடம் போடுமுன், வெளியூரில் இருக்கும் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.