நூற்றில் ஒன்று

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் வருடம். 37 வயதில் இரண்டாவது கர்ப்பம். ரத்தப் பரிசோதனையில் ஏதோ சந்தேகம் வர, 16-வது வாரம் பனிக்குட நீரை ஊசியால் எடுத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். ஆம்னியோசென்டசிஸ். "நூற்றில் ஒன்று கலையலாம்" என்றும் சொன்னார். பஜார் ரோட்டின் சுக்கு, மிளகு நெடிக்குள் நடந்து வந்தபோது, அந்த ஒன்று நான்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

ராத்திரி உட்கார்ந்து தேடினேன். அந்தக் கணக்கு டென்மார்க்கில் பிறந்ததாம். ஆபத்துக் குறைவான 4606 கர்ப்பிணிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் ஊசி போட்டார்கள். ஊசி போட்டவர்களில் 1.7 சதவீதம், போடாதவர்களில் 0.7 சதவீதம் கரு கலைந்தது. வித்தியாசம் ஒன்று! 1986-இல் வெளியான முடிவு இது. ஸ்கேன் மேம்பட்டபின் வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-லும் 2019-லும் வெளியான கணக்குகள், ஊசியால் கூடும் ஆபத்தை ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று என்கின்றன. கை பழகிய டாக்டராக இருப்பது முக்கியம்.

ஊசிக்கு முன் ஒரு படிவம். குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்லமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும் என்று கையெழுத்துப் போடவேண்டும். அதற்கும் ஒரு கதை உண்டு. 1956-இல் கோபன்ஹேகனில் ஃபுக்ஸும் ரீஸும் பனிக்குட நீரின் செல்களிலிருந்து பாலினம் கண்டார்கள். ஆண் பிள்ளைகளைத் தாக்கும் ஹீமோஃபீலியாவுக்கு அது உதவியது. எழுபதுகளின் நடுவில் டெல்லி எய்ம்ஸுக்கு வந்தது, குறைபாடு கண்டறியத்தான். நம் ஆட்கள் பெண் கருவைக் கலைக்கப் பிடித்துக்கொண்டார்கள். மகாராஷ்டிரம் 1988-இல் சட்டம் போட்டது. 1994-இல் வந்த மத்தியச் சட்டம் 1996 ஜனவரி 1 முதல் அமல். கையெழுத்துப் போடும்போது என் மூத்தவள் மடியில் இருந்தாள்.

ஊசி சில நிமிடம்தான். எனக்கு ரத்தம் நெகடிவ் என்பதால் ஆன்டி-டி ஊசியும் போட்டார்கள். திருநெல்வேலியிலிருந்து அம்மா, "ஏட்டி, பிள்ள பெறக்கிற வரைக்கும் எந்திரிக்காத" என்றாள். டாக்டர் சொன்னதோ ஒன்றிரண்டு நாள் ஓய்வு, கனம் தூக்கக்கூடாது, அவ்வளவே. மாதவிடாய் வலி மாதிரி லேசாக இழுக்கலாம். நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, காய்ச்சலோ வலியோ கூடினாலோ உடனே ஓடி வரவேண்டும்.

மூன்றாம் நாள் காலை ஈரம். பக்கத்து வீட்டுச் சேச்சி ஆட்டோ பிடித்து ஏற்றினார். ஸ்கேனில் நீர் போதிய அளவு இருந்தது, இதயம் துடித்தது. ஊசித்துளை வழிக் கசிவு பெரும்பாலும் தானே அடைபடும் என்றார்கள். இரண்டு நாளில் நின்றது.

மூன்றாம் வாரம் ரிப்போர்ட் வந்தது. குரோமோசோம் 46, குறை ஏதுமில்லை. கடைசி ஜோடி எது என்பதை மட்டும் அந்தத் தாளில் எழுதவில்லை.