மாத்தளைத் தோட்டப் பள்ளிகள்: சிலேட்டிலிருந்து திரைக்கு

மாத்தளை மாவட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளில் பெரும்பகுதி தோட்டத்தில் பிறந்தவை. எல்கடுவ, ரத்தோட்டை, கந்தேநுவர, கம்மடுவ, உக்குவளைப் பக்கத்து மலைச்சரிவுகளில் முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் கொக்கோவுக்கும் இறப்பருக்கும் வந்து குடியேறிய தொழிலாளரின் பிள்ளைகளுக்காக, அவர்கள் வசித்த வரிசை வீடுகளான லயத்தின் ஓரத்தில் ஓர் அறையும் ஒரு வாத்தியாருமாகத் தொடங்கியவை அவை. அந்த வாத்தியாரின் கைக்கு எந்தக் கருவி எப்போது வந்தது என்பது ஒரு வரலாறு. அதைக் கொண்டு கற்பிக்க அவருக்கு யார், எப்போது பயிற்சி கொடுத்தார்கள் என்பது இன்னொரு வரலாறு. இரண்டும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை. இன்று ஆசிரியராகப் போகும் ஒருவர் கணினியையும் கைபேசியையும் வகுப்பறைக்குள் கொண்டுவரக் கற்கும்போது, நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு தாமதத்தையே ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது.

மாத்தளை மலையகத்தின் வடக்கு வாசல். 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டுவழியே நூறு மைலுக்கு மேல் நடந்து, தம்புள்ளையைத் தாண்டி, மாத்தளை வழியாகவே மலையேறினார்கள். காலராவிலும் அம்மையிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம். மாத்தளை நகரை எட்டுவதற்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் அந்தப் பாதையோரத்தில் அலுவிகாரை என்ற பௌத்த விகாரை இருக்கிறது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில், அதுவரை மனனமாகவே ஓதப்பட்டுவந்த திரிபிடகத்தைப் பிக்குகள் ஓலையில் எழுதிவைத்த இடம் அது என்பது மரபு. தாளிப்பனையின் குருத்தோலையை வாட்டி, வேகவைத்து, காயவைத்து, தேய்த்து வழவழப்பாக்கி, எழுத்தாணியால் கீறி, கரியும் எண்ணெயும் கலந்து பூசித் துடைத்தால்தான் எழுத்து கண்ணுக்குத் தெரியும். ஓலை எங்கும் கிடைக்கும். இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகப் பழகியவர்கள் இருந்ததால்தான் அது நூலாயிற்று. 1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது அங்கிருந்த ஏட்டுத் தொகுதி அழிந்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் எழுத்தறிய வாய்ப்பில்லாத ஆயிரக்கணக்கான தமிழர் அந்த விகாரையைக் கடந்து கோப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

தோட்டங்களில் எழுத்தைக் கொண்டுவர முதலில் முயன்றவர்கள் மிஷனரிமார். 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் ஊழியர்களைத் தோட்டந்தோட்டமாக அனுப்பியது. சில இடங்களில் பள்ளியும் வைத்தது. சட்டம் வர அரை நூற்றாண்டு ஆயிற்று. 1907ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி கொடுப்பதையும் அதற்கெனத் தகுந்த ஓர் இடத்தை ஒதுக்குவதையும் தோட்டத்துரையின் கடமையாக்கியது. 1920ஆம் ஆண்டுச் சட்டம் இதை மேலும் இறுக்கியது. கட்டடம் இப்படியாயினும் வந்தது. கற்பிப்பவருக்கு என்ன தகுதி வேண்டும், அவரை யார் பயிற்றுவிப்பது என்ற கேள்விக்குத் தோட்டத்தில் பதில் இல்லை. ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாத்தியாரானார். காலையில் ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கற்பித்தார். மற்ற நேரத்தில் லயத்து மக்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார், ஊரிலிருந்து வந்த கடிதத்தை வாசித்துச் சொன்னார். சம்பளம் தோட்டத்துக் கணக்கில்.

அவருடைய கருவிகள் மூன்று: மணல், சிலேட்டு, கரி பூசிய பலகை. முதலாம் வகுப்புப் பிள்ளை விரலால் மணலில் எழுதும். கொஞ்சம் தேறியதும் சிலேட்டும் கற்குச்சியும் கைக்கு வரும். சிலேட்டுக்கு ஒரு குணம் உண்டு. மலிவானது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும், ஆனால் எழுதியது எதுவும் நிற்காது. நேற்றுப் பிழைவிட்ட கணக்கை இன்று திரும்பிப் பார்க்க முடியாது. பிள்ளை எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதற்கு வாத்தியாரின் நினைவைத் தவிர வேறு சாட்சி இல்லை. அப்பியாசக் கொப்பி வாங்க முடியாத குடும்பங்களின் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புவரை படித்தும் கையில் ஒரு பக்கம்கூட மிஞ்சாமல் கொழுந்து பறிக்கப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் அந்த ஒற்றை அறைக்குள் ஒரு முறை இருந்தது. மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறை தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளுக்கு உரியது. சென்னை எழும்பூரில் அநாதைப் பள்ளி நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு தன் பள்ளியில் அதை மூத்த பிள்ளைகளைக் கொண்டு கற்பிக்கவைத்து, 1797இல் அந்த முறையைப் பற்றி நூலும் எழுதினார். பின்னர் அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. ஓர் ஆசிரியர், பல வகுப்புகள், சில கருவிகள் என்ற நிலையில் கற்பிப்பதற்குத் தமிழ் மரபிலேயே ஒரு விடை இருந்தது என்பதை ஆசிரிய மாணவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இன்றைய பல்தரக் கற்பித்தல் என்ற பாடத்தின் பழைய வடிவம் அதுவே.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது அதன் முழுப் பயன் தோட்டத்தை எட்டவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1960, 1961 ஆண்டுகளில் உதவி பெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே விடப்பட்டன. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பிறகே, 1977 முதல் படிப்படியாக அவை கல்வி அமைச்சின் கீழ் வந்தன. நகரப் பள்ளிகள் ஆய்வுகூடமும் நூலகமும் கண்ட முப்பது ஆண்டுகளைத் தோட்டப் பள்ளி சிலேட்டோடும் ஒற்றை வாத்தியாரோடும் கழித்தது.

1980களின் நடுவிலிருந்து சுவீடன் அரசின் உதவியோடு பெருந்தோட்டப் பள்ளிகளில் கட்டடமும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்தே தொடங்கின. தோட்டத்திலேயே பிறந்து படித்த இளைஞர்கள் ஆசிரியராக நியமனம் பெற்றார்கள். முன்பு பயிற்சி என்றால் யாழ்ப்பாணத்துப் பலாலிக்கோ கோப்பாய்க்கோ போகவேண்டும். பின்னர் கொட்டகலை ஆசிரியர் கலாசாலை அருகில் கிடைத்தது. 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் தொழினுட்ப உதவியுடன் கொட்டகலைக்கு அருகே பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. அந்தக் காலத்துப் பயிற்சியில் ‘கற்றல் துணைச்சாதனம்’ என்றால் பிரிஸ்டல் அட்டையில் வரைந்த படம், கழிவுப் பொருளில் செய்த மாதிரி, ரோனியோவில் ஓட்டிய வினாத்தாள். இவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. தன் கையால் செய்த சாதனத்தை எந்த நிமிடத்தில் எடுத்துக் காட்டுவது, எதைக் கேட்டுவிட்டுக் காட்டுவது என்று பாடக்குறிப்பில் எழுதிப் பழகியவர்கள் அவர்கள். கருவியும் கற்பித்தலும் ஒன்றாகக் கற்பிக்கப்பட்ட காலம் அது. தொலைக்காட்சி 1979இலும் ரூபவாஹினி 1982இலும் நாட்டுக்கு வந்தாலும், மின்சாரம் இல்லாத தோட்டப் பள்ளியில் அவற்றுக்கு வேலை இருக்கவில்லை.

கணினி வந்த விதம் வேறு. 1983இல் தேசிய கணினிக் கொள்கை உருவானது. 1990களில் கணினி வள நிலையங்கள் அமைந்தன. 2001இல் பள்ளிக் கல்விக்கான தகவல் தொழினுட்பத் தேசியக் கொள்கை வகுக்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியில் இடைநிலைப் பள்ளிகளுக்குக் கணினி கற்றல் நிலையங்கள் கிடைத்தன. 2005இலிருந்து கிராமங்களில் ‘அறிவகம்’ என்ற பொதுக் கணினி மையங்கள் திறக்கப்பட்டன. 2010களில் மஹிந்தோதய தொழினுட்ப ஆய்வுகூடங்கள் கட்டப்பட்டன; 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கியது.

இவற்றில் பள்ளிகளுக்கான திட்டங்களின் குறி இடைநிலைப் பள்ளியாக இருந்தது. இலங்கையில் பள்ளிகள் 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 என்று பிரிக்கப்படுகின்றன. உயர்தர விஞ்ஞானம் உள்ளவை 1ஏபி. பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிடுபவை வகை 3. தோட்டப் பள்ளிகளில் பெரும்பாலானவை கடைசி இரண்டு வகைகளில் அடங்கின. ஆகவே மாத்தளை நகரத்துப் பள்ளியில் குளிரூட்டிய கணினி அறை திறக்கப்பட்ட ஆண்டில், மலைமேலுள்ள பள்ளியில் கரும்பலகைக்குக் கறுப்பு மை பூசும் வேலைகூட நடக்காமல் இருந்திருக்கலாம். இந்த ஓரவஞ்சனையை யாரும் தனியாகத் திட்டமிட வேண்டியிருக்கவில்லை. வகைப்பாடே அந்த வேலையைச் செய்தது.

கணினி கிடைத்த பள்ளிகளிலும் மொழி குறுக்கே நின்றது. இலங்கைத் தமிழ் ஆசிரியர்கள் நீண்டகாலம் வினாத்தாள் தட்டச்சிட்டது பாமினி எழுத்துருவில். அது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் போர்த்திய எழுத்துரு. ‘அம்மா’ என்று தட்டச்சிட்டு அனுப்பிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளே தெரியும். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைப் பள்ளியில் வாசிக்க முடியாமற்போவதும், ஆசிரியர் இரவெல்லாம் அமைத்த பயிற்சித்தாள் அச்சுக்கடையில் குறிகளாக வெளிவருவதும் இதனால்தான். ஒருங்குறியும், தமிழுக்கு ரெங்கநாதன் விசைப்பலகையை நியமமாக்கிய 2008ஆம் ஆண்டின் எஸ்எல்எஸ் 1326 தரநிர்ணயமும் இதற்குத் தீர்வு வைத்தன. ஆனால் பாமினியில் விரல் பழகியவர்களை மாற்றுவதற்குத் தரநிர்ணயம் போதாது, பயிற்சி வேண்டும்.

பயிற்சியின் முறையே இங்கு முக்கியமான கேள்வி. தேசிய கல்வியியற் கல்லூரிகளில் படிப்பு மூன்றாண்டு: இரண்டாண்டு விடுதியில் தங்கிக் கற்றல், மூன்றாம் ஆண்டு பள்ளியொன்றில் கட்டுறு பயில்வு. தகவல் தொழினுட்பம் அங்கு ஒரு பாடமாக இடம்பெற்றது. ஆவணம் தட்டச்சிடுதல், அட்டவணை போடுதல், முன்வைப்புத் தயாரித்தல் ஆகியவற்றைப் படித்துத் தேறிய ஒருவருக்குக் கணினி தெரியும். ஆனால் நாலாம் தரப் பிள்ளைக்குப் பின்னத்தை விளங்கவைக்க அந்தக் கணினியால் என்ன செய்யலாம் என்பது அதனால் மட்டும் தெரிந்துவிடாது. இதை 2006இல் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தின் புன்யா மிஸ்ராவும் மத்தியு கோலரும் தெளிவாக எழுதினார்கள்: பாட அறிவு, கற்பித்தல் அறிவு, தொழினுட்ப அறிவு மூன்றும் ஒன்றையொன்று தொடும் இடத்தில்தான் ஆசிரியரின் திறமை இருக்கிறது. மூன்றையும் மூன்று விரிவுரையாளர் மூன்று அறைகளில் கற்பித்தால் அவற்றை இணைக்கும் வேலை மாணவரின் தலையில் விழுகிறது.

தோட்டப் பள்ளியில் அந்த இணைப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மூன்றாம் தரமும் நாலாம் தரமும் ஒரே அறையில் இருக்கின்றன, ஆசிரியர் ஒருவர். முதல்நாள் மாலை அவர் ஒரு கதையைத் தன் குரலில் கைபேசியில் பதிவுசெய்து, நடுவில் மூன்று இடங்களில் கேள்வி கேட்டு இடைவெளி விடுகிறார். மறுநாள் மூன்றாம் தரத்துப் பிள்ளைகள் சிறிய ஒலிபெருக்கியைச் சுற்றி உட்கார்ந்து கேட்டு, விடையைக் கொப்பியில் எழுதுகிறார்கள். அந்த இருபது நிமிடமும் ஆசிரியர் நாலாம் தரத்தோடு கணக்குச் செய்கிறார். சுற்றாடல் பாடத்துக்குச் சுது கங்கைக் கரையில் எடுத்த படமே போதும். இணையம் தேவையில்லை, தனிக் கணினி அறையும் தேவையில்லை. எப்போது கருவியை இயக்குவது, எப்போது நிறுத்திவிட்டுப் பேசுவது என்ற தீர்மானம் தேவை. பிரிஸ்டல் அட்டைக் காலத்துப் பாடக்குறிப்பு கேட்ட தீர்மானமும் இதுவே.

தோட்டப் பள்ளிகளுக்கு நியமனம் முந்தியும் பயிற்சி பிந்தியும் வந்தது 2010களிலும் தொடர்ந்தது. அந்தப் பத்தாண்டின் நடுவில் உயர்தரம் சித்தியடைந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பெருந்தோட்டப் பள்ளிகளுக்கு ஆசிரியர் உதவியாளராக நியமிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் 10,000 ஆயிற்று. முதலில் வகுப்பறை, அதன் பிறகு கலாசாலை. பயிற்சியை முடித்தவர்களே ஆசிரியர் சேவைக்குள் எடுக்கப்பட்டார்கள். வெற்றிடத்தை நிரப்பியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு நாடு செய்தது குறைவு.

2020 மார்ச் 13 முதல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது எல்லாக் குறைகளும் ஒரே நேரத்தில் வெளிப்பட்டன. அரசு நேத்ரா தொலைக்காட்சி அலைவரிசையில் ‘குருகுலம்’ நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுக்களைத் தொடங்கினார்கள். லயத்து வீட்டில் ஒரு கைபேசி, அதுவும் வேலைக்குப் போகும் தகப்பனின் கையில். மலைமடிப்புகளில் சமிக்ஞை கிடைக்காது. 2021இல் ஊவா மாகாணத்தின் போஹிட்டியாவவில் காட்டைக் கடந்து பாறையேறி இணைய வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளின் படங்கள் உலகப் பத்திரிகைகளில் வந்தன. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேற்குச் சரிவிலுள்ள மாத்தளைத் தோட்டங்களின் நிலவமைப்பும் சமிக்ஞையை அப்படியே மறிப்பது. 2022 பொருளாதார நெருக்கடியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நீண்டது. கூடவே கடதாசிக்கும் தட்டுப்பாடு. திரையும் இல்லை, தாளும் இல்லை என்ற நிலையில் கரும்பலகையே மீண்டும் கைகொடுத்தது.

மாத்தளை மாவட்டத்தில் மாத்தளை, கலேவெல, நாவுல, வில்கமுவ என நான்கு கல்வி வலயங்கள் இருக்கின்றன; தேசிய கல்வியியற் கல்லூரி இல்லை. தமிழ்மொழி மூலம் ஆசிரியராக விரும்பும் மாத்தளை இளைஞர் பத்தனைக்கோ அதைவிடத் தூரத்துக்கோ போய்ப் படிக்கவேண்டும். அவர் தன் மாவட்டத்துத் தோட்டப் பள்ளியின் மின்சாரத்தையும் சமிக்ஞையையும் பல்தர வகுப்பையும் உள்ளபடி எதிர்கொண்டு கற்பிக்கப் பழகக்கூடிய காலம் மூன்றாம் ஆண்டின் கட்டுறு பயில்வு மட்டுமே. அந்த ஆண்டுக்கு ரத்தோட்டையிலும் எல்கடுவவிலும் உள்ள சிறிய பள்ளிகளையும் பயிற்சிப் பள்ளிகளாகச் சேர்த்து, வழிகாட்டும் மூத்த ஆசிரியர்களுக்கும் அதற்கான பயிற்சியைக் கொடுப்பதில் கல்வி அமைச்சும் மத்திய மாகாணக் கல்வித் திணைக்களமும் இனியும் தாமதிக்கக் கூடாது.