புலவர்க்கு ஊதியம், ஊருக்கு நூல்

கொடுக்கக் குறையாத செல்வம் கல்வி என்பது நம்மவர் நெடுநாள் கொள்கை. ஆயினும் அக்கல்வியை நூலாக்கித் தருபவர்க்கு வயிறு உண்டு, குடும்பம் உண்டு. எழுதுபவர் வாழ வேண்டும். எழுதப்பட்டது எல்லார்க்கும் தடையின்றிக் கிடைக்கவும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ வழியுண்டா?

பண்டைக்காலத்தில் புரவலர் பரிசில் அளித்தனர், புலவர் பாடினர். ஏட்டில் படியெடுக்க எவரும் உரிமைச்சீட்டுப் பெற வேண்டியதில்லை. அச்சுப்பொறியும் பதிப்புரிமைச் சட்டமும் வந்தபின் நூல் விற்பனைப் பொருளாயிற்று. அம்மாற்றத்தின் துன்பத்தை நன்கு அறிந்தவர் பாரதியார். தம் படைப்புகளை 40 தொகுதிகளாக வெளியிட எண்ணி, 1920 ஆம் ஆண்டில் கடையத்திலிருந்து நண்பர்களுக்கு மடல் எழுதிக் கடனுதவி வேண்டினார் அவர். அத்திட்டம் நிறைவேறவில்லை. மறு ஆண்டே அவர் மறைந்தார்.

அவர் பாடல்களின் உரிமை பின்னர்ப் பலர் கைக்கு மாறியது. நாடெங்கும் ஒலிக்க வேண்டிய பாட்டுத் தனியுடைமையாய் இருப்பதா என்ற கேள்வி தமிழகத்தில் எழுந்தது. 1949 ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைத் தன்வயமாக்கிற்று. ஒலிப்பதிவு உரிமையை வைத்திருந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் அதனை விலை பெறாமலே விட்டுக்கொடுத்தார். கவிஞரின் துணைவியார் செல்லம்மாளுக்கும் மகளிர் இருவர்க்கும் அரசு பொருள் வழங்கிற்று. 1955 இல் பாரதி நூல்கள் மக்களுக்குப் பொதுவாயின. அதன்பின் மலிவுப் பதிப்புகள் பல்கின. ஏழை மாணவன் கையிலும் பாரதி தவழ்ந்தார்.

இவ்வாறு தோன்றிய நாட்டுடைமை மரபில் இன்று 150 க்கும் மேற்பட்ட தமிழறிஞர்களின் நூல்கள் சேர்ந்துள்ளன. மரபுரிமையாளர்க்கு அரசு தருவது பரிவுத்தொகை எனப்படும். போற்றத்தக்க மரபே, எனினும் இதில் ஒரு குறை உண்டு. பெரும்பாலும் எழுதியவர் கண்மூடிய பின்னரே பணம் வருகிறது. பாரதி கேட்டதோ, எழுதுகிறவன் இருக்கும்போதே கிடைக்கும் துணை.

முன்கூட்டியே பொருள் திரட்டி அறிவுநூல் ஆக்கும் முயற்சியும் தமிழில் நிகழ்ந்தது. தி. சு. அவினாசிலிங்கம் தலைமையில் தமிழ் வளர்ச்சிக் கழகம் அரசு நிதியும் நன்கொடையும் பெற்று, பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு, 1954 முதல் 1968 வரை கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை வெளியிட்டது. அத்தொகுதிகளை இன்று இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம்.

தொடக்கத்திலேயே ஊதியம் தந்து, தொடக்கத்திலேயே பொதுவாக்கும் முறை இந்நூற்றாண்டில் வலுப்பெற்றது. 2003 ஆம் ஆண்டில் ஐ.ஐ.டி.கள் ஏழும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் இணைந்து என்.பி.டி.இ.எல். என்னும் திட்டத்தைத் தொடங்கின. நடுவணரசு பொருள் தந்தது. பேராசிரியர்கள் மதிப்பூதியம் பெற்றுப் பாடங்களை ஆக்கினர். அப்பாடங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் என்னும் திறந்த உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டன. ஆக்கியோன் பெயரைச் சொல்லி, திருத்தி அமைத்ததையும் அதே உரிமத்தில் பிறர்க்குத் தருவதாயின், எவரும் அவற்றைப் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியமைக்கலாம்.

இவ்வரலாறு வெளிமாநிலத் தமிழராகிய நமக்கு ஏன் வேண்டும்? தமிழகப் பாடநூல்கள், தெருவிலும் கடையிலும் தமிழைக் கேட்டு வளரும் குழந்தைக்காக எழுதப்பட்டவை. நம் குழந்தைகளோ வீட்டு வாயிலைத் தாண்டினால் இந்தியோ மராத்தியோ வங்காளமோ பேசுபவர்கள். அவர்களுக்கென ஞாயிறு வகுப்பு ஆசிரியர் இரவில் விழித்துத் தாமே பாடம் எழுதுகிறார். அவர் மாற்றலாகிப் போனால் பாடமும் அவரோடு போய்விடுகிறது. ஊதியமும் இல்லை, நூலும் எஞ்சுவதில்லை.

சங்கங்கள் கூடி ஒரு சிறுநிதி திரட்டலாம். நல்லாசிரியர் சிலர்க்குத் தக்க ஊதியம் அளித்துப் பாடங்களை எழுதச் செய்யலாம். அவற்றைத் திறந்த உரிமத்தில் வெளியிட்டால், மும்பையில் எழுதிய பாடத்தில் மராத்திச் சொல்லை எடுத்துவிட்டு வங்கச் சொல்லைச் சேர்த்துக் கொல்கத்தாவில் பயிற்றலாம். விழாவுக்குப் பந்தலிடச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்குவோமாயின், கடையத்திலிருந்து வந்த அம்மடலுக்கு நாமும் காலந்தாழ்ந்தேனும் விடை எழுதியவராவோம்.